மார்கழி முருங்கையும் காயின் மூச்சும்

பங்குனி, சித்திரையில் மதுரைப் பக்கம் முருங்கைக்காயைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. தெருவில் யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் மரம் இருக்கும். காய் சடைசடையாகத் தொங்கும். "நாலு பறிச்சுக்கோங்கக்கா, முத்திப் போயிரும்" என்று அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள். சந்தையிலும் கட்டுக்கட்டாகக் குவித்து வைத்து, கொசுறாக ஒன்றிரண்டு சேர்த்துத் தருவார்கள். அதே மரத்தை மார்கழியில் நிமிர்ந்து பார்த்தால் இலைதான் இருக்கும். சாம்பாருக்கு இரண்டு காய் கேட்டால், கடைக்காரர் தராசில் வைத்துச் சொல்லும் விலை திடுக்கிட வைக்கும். கிலோ பல நூறு ரூபாய்க்கு விற்ற மார்கழிகள் உண்டு.

"வியாபாரி ஏத்திட்டான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வியாபாரிக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் மார்கழிக் காயின் விலை ஐப்பசியிலேயே மரத்தின் உச்சியில், பூவுக்குள் பாதி முடிவாகிவிடுகிறது. முருங்கைப் பூ பிஞ்சாகி, கறிக்கு ஏற்ற காயாக வளர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். டிசம்பர் காய் என்பது அக்டோபர் பூ. அக்டோபரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை இறங்கும். அடைமழையில் பூ கொட்டிப்போகும். வேரடியில் ஈரம் மிஞ்சினாலும் மரம் பூவை உதிர்த்துவிடும். தப்பி நின்ற பூவுக்கும் ஒரு விருந்தாளி வந்தாக வேண்டும். விசாகப்பட்டினத்தில் முருங்கைப் பூக்களுக்கு அருகே காத்திருந்து கவனித்த ஆய்வாளர்கள், அதில் மகரந்தச் சேர்க்கையைத் திறம்படச் செய்வது கரிய பருத்த தச்சுத் தேனீ என்று கண்டார்கள். வீட்டு உத்தரத்தைத் துளைத்துக் குடியிருக்குமே, அதே பூச்சிதான். மழையில் அது பறக்காது. மழைக்கால முருங்கை இப்படித்தான் அரிதாகிறது.

பருவம் என்ற சொல்லைப் பழக்கத்தால் பயன்படுத்துகிறோம். ஒரு செடி எந்த வேலையை எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கு அதற்குள் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் காய்கறிச் செலவில் நிறையப் பிடிபடும்.

மொச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு மொச்சையை ஆடியில் ஊன்றினாலும், ஆவணியில் ஊன்றினாலும், கொடி ஓடி ஓடித் தழைக்குமே தவிர, பூக்கும் காலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தைப் பொங்கலுக்குப் பச்சை மொச்சை வந்துவிடும். ஒரு மாதம் பிந்தி விதைத்தது எப்படி ஓடி வந்து சேர்ந்துகொள்கிறது?

இந்தப் புதிரை வேறொரு பயிரில் அவிழ்த்தவர்கள் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் பண்ணையில் ஒரு புகையிலை ரகம் கோடை முழுவதும் ஆளுயரம் தாண்டி வளர்ந்தும் பூக்கவே இல்லை. அதே ரகம் குளிர்காலக் கண்ணாடிக் கூடத்தில் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்தது. சோயா அவரையில் ஒரு ரகமும் நம் மொச்சையைப் போலவே நடந்தது. இடைவெளி விட்டு விதைத்த பாத்திகள் எல்லாம் ஒரே சமயத்தில் பூத்தன. வெப்பமா, ஈரமா, ஒளியின் வலுவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பிறகு, 1918 கோடையில் எளிய ஒரு காரியம் செய்தார்கள். சில தொட்டிகளைப் பிற்பகலிலேயே இருட்டுக் கொட்டகைக்குள் தூக்கி வைத்து, மறுநாள் காலையில் வெளியே எடுத்தார்கள். பகலைச் செயற்கையாகக் குறுக்கினார்கள். கோடையிலேயே செடிகள் பூத்துவிட்டன. 1920 இல் இதை வெளியிட்டார்கள். செடி பகலின் நீளத்தை உணர்ந்து பூக்கும் இந்தத் தன்மையைத் தமிழில் பகல்நீள உணர்வு எனலாம். செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்பதும் பின்னர் தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் போதும், சில செடிகள் பூக்க மறுத்துவிடும்.

மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடம்தான். நாம் அதைக் கவனிப்பதே இல்லை. மொச்சைக் கொடி கவனிக்கிறது. பகல்நீளத்துக்குக் கட்டுப்படாத புதிய ரகங்களைப் பயிர் விஞ்ஞானிகள் உருவாக்கிவிட்டதால் அவரை வகைகள் இப்போது பல மாதங்களில் கிடைக்கின்றன. ஆனாலும் தையில் மொச்சை மலிவதற்கு அந்தப் பழைய கணக்கே காரணம்.

தக்காளி வேறு கணக்கு வைத்திருக்கிறது. அது இரவின் வெப்பத்தைப் பார்க்கிறது. நெதர்லாந்தில் பிறந்து, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட், குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்களில் தக்காளிச் செடிகளைப் பகலில் ஓர் அறையிலும் இரவில் வேறோர் அறையிலும் வைத்து வளர்த்தார். இரவு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் காய் நன்றாகப் பிடித்தது. இரவு அதிகம் சூடானால் பூ வந்தும் காயாகவில்லை. 1944 இல் வெளியான அந்த ஆய்வு நம் சந்தையின் பல விலைப்பலகைகளுக்கு விளக்கம் தருகிறது. சித்திரை, வைகாசியில் நம் சமவெளியின் இரவுகள் 25 டிகிரிக்கு மேல் புழுங்கும். மகரந்தம் வலுவிழக்கும், பூ உதிரும். அப்போது நமக்குத் தக்காளி வருவது ஓசூர், கோலார், மதனப்பள்ளி போன்ற, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 முதல் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்களிலிருந்து. அங்கே இரவு குளிரும். அந்த ஊர்களில் ஒரு நோயோ பெருமழையோ வந்துவிட்டால் சமவெளியில் ஈடுகட்ட ஆள் இல்லை.

2023 ஜூலையில் அதுதான் நடந்தது. தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் தமிழக அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. ஆனால் விளைச்சல் ஐந்து மடங்கு குறைந்துவிடவில்லையே, விலை மட்டும் எப்படி அத்தனை மடங்கு ஏறியது?

ஏலக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து சில்லறைக் கடைக்காரர்கள் நிற்கிறார்கள். இன்று வந்திருப்பது ஒன்பது பெட்டி. எல்லோருக்கும் வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள். ரசத்துக்குத் தக்காளி இல்லை என்று சொல்லி அனுப்ப எவருக்கும் மனம் வராது. பத்தில் ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்று விலகும்வரை ஏலம் ஏறிக்கொண்டே இருக்கும். குறைந்தது ஒரு பெட்டி, விலை ஏறியது ஒன்பது பெட்டிக்கும். விலை ஏறினாலும் வாங்கும் அளவைப் பெரிதாகக் குறைக்க முடியாத இந்த நிலையைத் தேவையின் இறுக்கம் என்று சொல்லலாம். 300 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கிரிகரி கிங் பெயரால் வழங்கும் ஒரு கணக்கை 1699 இல் சார்லஸ் டேவெனன்ட் வெளியிட்டார். தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதியாகக் குறைந்தாலோ விலை ஐந்து மடங்கைத் தாண்டும் என்கிறது அந்தக் கணக்கு.

இப்போது கணக்கைத் திருப்புங்கள். பத்துக் கடைக்காரர்கள், பதினோரு பெட்டி. பதினோராவது பெட்டியை யார் தலையிலாவது கட்டும்வரை விலை இறங்கும். விவசாயி ஏன் அந்தப் பெட்டியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய், விலை ஏறும்போது விற்கக் கூடாது? நெல்லை அப்படிச் செய்யலாம். தக்காளியைச் செய்ய முடியாது, ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கும் தக்காளி உயிரோடு இருக்கிறது.

இது அலங்காரப் பேச்சு அல்ல. செடியிலிருந்து பறித்த பிறகும் காய்கறியின் செல்கள் சுவாசிக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து, தம்முள் இருக்கும் சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றன. செடியில் இருந்தவரை சாப்பாடு வந்துகொண்டிருந்தது. பறித்த நொடியிலிருந்து கையிருப்பில்தான் வாழ்க்கை. வேலை போன பிறகு சேமிப்பில் குடும்பம் நடத்துவது போல. இதை நீங்களே பார்க்கலாம். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிந்த நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பச்சைப் பட்டாணியோடு ஒரு டப்பாவுக்குள் வைத்து இறுக மூடிவிடுங்கள். மறுநாள் அந்த நீர் பால்போல் கலங்கியிருக்கும். பட்டாணி விட்ட மூச்சுதான் அது. மூட்டையில் அடைத்துவந்த கீரைக்குள் கையை விட்டால் கதகதப்பாக இருப்பதும் இதனால்தான்.

முதல் உலகப் போர்க் காலத்தில் உணவு வீணாவதைத் தடுக்கும் வழி தேடிய பிரிட்டன், கேம்பிரிட்ஜில் பிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவரிடம் இந்த மூச்சை அளக்கும் வேலையைத் தந்தது. அவர்கள் ஆப்பிள் விடும் கரியமில வாயுவை நாள்தோறும் அளந்தார்கள். பறித்த பிறகு மெல்லக் குறைந்துகொண்டே வந்த மூச்சு, பழுக்கும் தறுவாயில் திடீரென்று எகிறியது. பிறகு பழம் தளர்ந்தது. இதைச் சுவாச எழுச்சி என்று சொல்வோம். தக்காளி, வாழை, மா, கொய்யா எல்லாம் இந்தக் கூட்டம். இந்த எழுச்சியைத் தூண்டும் வாயுவின் கதையும் சுவையானது. 1901 இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபவ் என்ற மாணவர், ஆய்வறையில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் மட்டும் கோணலாக வளர்வதைக் கண்டு, விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீனே காரணம் என்று நிறுவினார். பழமே எத்திலீனை உண்டாக்குகிறது என்பதை 1934 இல் ரிச்சர்ட் கேன் மெய்ப்பித்தார். நம் ஊரில் வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்தவர்களுக்கு வாயுவின் பெயர் தெரியாது. ஆனால் அந்தப் புகைக்குள்ளும் எத்திலீன் இருந்தது. மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துவைக்கும் பாட்டியும், பழம் விடும் எத்திலீனை வெளியே விடாமல் அடைத்துத்தான் பழுக்க வைக்கிறாள்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்கு விரையும். 35 டிகிரி வெயிலில் தார்ப்பாய் போட்ட லாரியில் எட்டு மணி நேரம் பயணம் செய்யும் கீரை, குளிர்ந்த அறையில் பல நாள் வாழ வேண்டிய வாழ்வை அந்த ஒரு பயணத்திலேயே வாழ்ந்து முடிக்கிறது. கூடவே நீரும் ஆவியாகும். தக்காளியில் 100 கிராமுக்கு 94 கிராமுக்கு மேல் நீர்தான். எடை குறைவது நேராகப் பணம் குறைவது. ஒரு வியாபாரி 100 கிலோ வாங்கி, 20 கிலோ வாடியும் நசுங்கியும் போனால், மிச்சம் 80 கிலோவில் 100 கிலோவின் விலையை எடுத்தாக வேண்டும். கிலோவுக்குக் கால் பங்கு விலை அங்கேயே ஏறிவிடுகிறது. நாம் சாப்பிடாத காய்க்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம். லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டளவில் தக்காளியில் ஏறத்தாழ 12.4 சதவீதமும் கொய்யாவில் 15.9 சதவீதமும் அறுவடைக்கும் வாங்குபவர் கைக்கும் இடையே வீணாவதாகக் கணக்கிட்டது. 2024 இல் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வுத்தாள் ஒன்று, தக்காளிக்கு நாம் தரும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேர்வது ஏறத்தாழ 33 ரூபாய் என்கிறது. மீதி 67 ரூபாயும் யாரோ ஒருவரின் கொள்ளை லாபம் அல்ல. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, கமிஷன், கடை வாடகை, அழுகல் எல்லாம் அதில் அடக்கம்.

தூரத்தையும் நேரத்தையும் குறைத்தால் இந்த 67 ரூபாயில் ஒரு பகுதியை விவசாயியும் வாங்குபவரும் பகிர்ந்துகொள்ளலாம். உழவர் சந்தை அந்த எண்ணத்தில் பிறந்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திரத்தின் ரைத்து பஜாரும் அதற்கு முன்னோடிகள். அடையாள அட்டை உள்ள விவசாயிதான் கடை போடலாம். காலையில் விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக, வெளிக்கடைச் சில்லறை விலையைவிடக் குறைவாக அது இருக்கும்படி வைப்பார்கள். விடிவதற்கு முன் பறித்த வெண்டை ஏழு மணிக்கு நம் பையில் விழும். அதன் மூச்சில் சில மணி நேரமே செலவாகியிருக்கும்.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு நாம் வந்துவிடக் கூடாது. பக்கத்தில் விளைந்தது எல்லாம் மலிவு, தூரத்திலிருந்து வருவது எல்லாம் வீண் என்று சிலர் பேசுகிறார்கள். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. எல்லாக் காய்களும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவதில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடல் கேடர், காய்கனிகளை மூச்சின் வேகப்படி வரிசைப்படுத்தினார். முற்றிய உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு எல்லாம் மெதுவாக மூச்சு விடுபவை. முட்டைக்கோஸ், கேரட், தக்காளி நடுவில் நிற்கும். வெண்டையும் பீன்ஸும் வேகமானவை. பசலைக்கீரை, காளான், பச்சைப் பட்டாணி, இனிப்புச் சோளம் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவர் போல மூச்சு வாங்குபவை. உருளைக்கும் கீரைக்கும் வேறுபாடு ஒரே வெப்பத்தில் பத்து மடங்குக்கும் மேல் போகலாம்.

உருளைக்கிழங்கு நிலத்துக்கு அடியில் உறங்கப் பிறந்தது. ஆக்ராவிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சின்ன வெங்காயத்தைத் திண்டுக்கல், பெரம்பலூர் பக்க விவசாயிகள் காற்றோட்டமான பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்து விற்கிறார்கள். ஊட்டி கேரட்டை ராமநாதபுரத்தில் விளைவிக்கப் பாடுபடுவதைவிட லாரியில் ஏற்றி வருவதே சிக்கனம். ஆகவே உங்கள் பணமும் நேரமும் அளவானதாக இருந்தால், அதிகாலையில் உழவர் சந்தைக்கோ பக்கத்து ஊர்த் தோட்டத்துக்கோ போகும் சிரமத்தைக் கீரைக்கும் வெண்டைக்கும் பீன்ஸுக்கும் செலவிடுங்கள். உருளையையும் வெங்காயத்தையும் எங்கே எடை சரியாக நிறுத்துத் தருகிறார்களோ அங்கே மாதம் ஒருமுறை வாங்கினால் போதும். ஒரு வீட்டின் காய்கறிச் செலவைக் குறைக்க இதைவிடப் பயனுள்ள பிரிவினை எனக்குத் தெரியவில்லை.

மலிவுக்கு இன்னொரு சுழற்சியும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி விலை உச்சத்தைத் தொட்டதும் பலர் நாற்று நட்டார்கள். நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு இரண்டு மாதம் என்று கணக்கிட்டால், இன்றைய விலையைப் பார்த்து எடுத்த முடிவு மூன்று மாதம் கழித்துத்தான் பெட்டியில் வந்து விழும். எல்லோருடைய முடிவும் ஒன்றாக விழும். உச்ச விலைக்கு முன்பே நட்டவையும் சேர்ந்துகொள்ள, அதே செப்டம்பரில் பல இடங்களில் தக்காளி கிலோ 10 ரூபாய்க்கும் கீழே போனது. பறிகூலி கட்டாமல் விவசாயிகள் சாலையில் கொட்டினார்கள். அந்த நஷ்டத்தைப் பார்த்தவர்கள் அடுத்த முறை நடத் தயங்குவார்கள். விலை மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாளில் கோடாக வரைந்தால் சிலந்தி வலை போலச் சுற்றிச் சுற்றி வரும். அதனால் 1934 இல் நிக்கோலஸ் கால்டர் இதற்கு அந்தப் பெயரையே வைத்தார். 1938 இல் அமெரிக்க வேளாண் பொருளியலாளர் மோர்டெகாய் எசெக்கியல் விரிவாக விளக்கினார். சிலந்திவலைச் சுழற்சி என்று தமிழில் சொல்லலாம். ஒரு காய் யானை விலை விற்றால், இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மலிவு பின்னால் வந்துகொண்டிருக்கும்.

அந்த மலிவைப் பிடித்துவைக்கும் தொழில்நுட்பம் நம் மொட்டைமாடியில் இருக்கிறது. கொத்தவரை வற்றல், கத்தரி வற்றல், மாவற்றல், சுண்டை வற்றல் எல்லாம் மலிந்த பருவத்தை அரிதான பருவத்துக்குக் கடத்திச் செல்பவை. ஏன் வற்றல் கெடுவதில்லை? நீர் இல்லாததால் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். தேனில் ஏறத்தாழ 18 சதவீதம் நீர் இருக்கிறது, அதுவும் கெடுவதில்லையே. ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1950களில் இதைத் தெளிவாக்கினார். ஓர் உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நீர் சும்மா கிடக்கிறது என்பதுதான் நுண்ணுயிர்களுக்கு முக்கியம். உப்பும் சர்க்கரையும் நீரைத் தம்மோடு கட்டிப்போடுகின்றன. கட்டுப்படாமல் மிஞ்சியதைக் கட்டற்ற நீர் என்போம். அது குறைந்தால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. வெயில் நீரை எடுக்கிறது, உப்பு மிச்சத்தைக் கட்டிப்போடுகிறது. மாங்காய் மலிந்த சித்திரையில் ஊறுகாய் போட்ட நம் முன்னோர் இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்தார்கள்.

இந்த வாரம் உழவர் சந்தைக்குப் போனால், கீரைக்காரரிடம் விலை கேட்கும் முன் "எப்ப அறுத்தீங்க?" என்று கேளுங்கள். தன் வயலில் தானே அறுத்தவருக்கு அந்த நேரம் தெரிந்திருக்கும்.